பொது மனிதரின் சொந்தக் கணக்கு

2024-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 26-ந் தேதியன்று மத்திய சர்க்காரின் அமலாக்கத் துறையில் ஓர் உத்தரவு பிறந்தது. அரக்கோணம் தொகுதியின் பார்லிமெண்ட் அங்கத்தினராகிய ஸ்ரீ எஸ். ஜகத்ரட்சகனையும், அவருடைய குடும்பத்தாரையும், அவர்களோடு சம்பந்தப்பட்ட ஓர் இந்தியக் கம்பெனியையும் பற்றியது அது. அன்னியச் செலாவணி நிர்வாகச் சட்டத்தை மீறியதற்காக 89 கோடியே 19 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சொத்துக்களைப் பறிமுதல் செய்வதென்றும், அதற்கு மேல் சுமார் 908 கோடி ரூபாய் அபராதம் விதிப்பதென்றும் அந்த உத்தரவு கூறுகிறது. ஜனப் பிரதிநிதி ஒருவருடைய பெயரோடு சேர்ந்து சாதாரணமாகக் காதில் விழும் தொகை அன்று இது.

செய்தியைக் கேட்டதும் ஒரு சாரார், "அகப்பட்டுக் கொண்டார்" என்று மகிழ்ந்தார்கள். மற்றொரு சாரார், "பழி வாங்குகிறார்கள்" என்று கோபித்தார்கள். மகிழ்ந்தவர்களில் உத்தரவைப் படித்தவர் மிகச் சிலர். கோபித்தவர்களில் கணக்கைப் பார்த்தவர் அதனினும் சிலர். இவ்விரண்டு கூச்சலுக்கும் நடுவே, கேட்கப்பட வேண்டிய கேள்வி கேட்கப்படாமலே போய்விடுகிறது. பொது வாழ்வில் இறங்கிய ஒருவருடைய வியாபாரக் கணக்கு அவருக்கு மட்டும் சொந்தமா? அதைப் பற்றி விசாரிக்கும் உரிமை வோட்டருக்கு உண்டா, இல்லையா? நாம் இன்று ஆராய விரும்புவது இதைத்தான்.

சென்னையின் மேற்குப் புறத்தில் வசிப்போருக்கு இது தூரத்து விவகாரம் அன்று. அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாகச் செல்லும் மின்சார ரயில் அரக்கோணத்தில் போய் நிற்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து விடியுமுன் புறப்பட்டு அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் ஆவடித் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்கு வருவோர் பலர். அவர்களில் அநேகருக்கு ஸ்ரீ ஜகத்ரட்சகன்தான் பார்லிமெண்டில் வாய். அவர் பொது வாழ்வுக்குப் புதியவரும் அல்லர். 1999, 2009, 2019, 2024 ஆகிய நான்கு தேர்தல்களில் அரக்கோணம் அவரைத் தேர்ந்தெடுத்தது. ஸ்ரீ மன்மோகன் சிங்கின் மந்திரி சபையில் அவர் இணை மந்திரியாக இருந்தார். கல்லூரி, ஆஸ்பத்திரி, ஹோட்டல், மது ஆலை என்று அவருடைய குடும்பத்தின் தொழில்கள் விரிந்து கிடக்கின்றன. ஆகவே, பெரிய வியாபாரியாகவும் பெரிய பிரதிநிதியாகவும் ஒரே சமயத்தில் இருப்பவர் அவர்.

விவகாரம் என்ன? அமலாக்கத் துறை கூறுவது இது: 2017-ம் வருஷம் ஜூன் மாதம் 15-ந் தேதியன்று, சிங்கப்பூரில் பதிவான 'சில்வர் பார்க் இன்டர்நேஷனல்' என்னும் கம்பெனியில் ஸ்ரீ ஜகத்ரட்சகன் 70 லட்சம் பங்குகளையும், அவருடைய குமாரர் 20 லட்சம் பங்குகளையும் பெற்றார்கள். பங்கு ஒன்றுக்கு ஒரு சிங்கப்பூர் டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 42 கோடி ரூபாய். இதற்கு ரிஸர்வ் பாங்கின் அனுமதி பெறப்படவில்லை. பிறகு அந்தப் பங்குகள் குடும்பத்தார் பெயருக்கு மாற்றப்பட்டதும் விதிக்கு விரோதம். இவையன்றி, இலங்கையில் ஒரு ஸ்தாபனத்தில் சுமார் 9 கோடி ரூபாய் போட்டதும் சட்டத்திற்கு ஒவ்வாதது. அமலாக்கத் துறை அந்தச் சிங்கப்பூர்க் கம்பெனியை வெறும் ஏட்டுக் கம்பெனி என்றே வர்ணிக்கிறது. 2020-ம் வருஷம் செப்டம்பர் மாதத்திலேயே நிலம், வீடு, பாங்கு இருப்பு, பங்குகள் என்று 89 கோடி ரூபாய்ச் சொத்துக்கள் முடக்கப்பட்டன. அவற்றைத்தான் 2024-ம் வருஷத்து உத்தரவு பறிமுதலாக்கியது.

இந்த வழக்கின் தன்மையை நேயர்கள் தெளிவாக அறிந்து கொள்ள வேண்டும். பூந்தமல்லி என்றால் நம் நாட்டார் பலருக்கும் அங்குள்ள தனி நீதிமன்றமும், காவலும், கைதிகளை ஏற்றிவரும் வண்டியும்தான் நினைவுக்கு வரும். ராஜீவ் காந்தி கொலை வழக்கு நடந்து 1998-ம் வருஷம் ஜனவரியில் தீர்ப்பான இடம் அது. அப்படிப்பட்ட கிரிமினல் வழக்கு அன்று இது. இதில் குற்றவாளிக் கூண்டு இல்லை, கைவிலங்கு இல்லை. 1973-ம் வருஷத்துப் பழைய அன்னியச் செலாவணிச் சட்டம், அனுமதியின்றி நடந்த பண விவகாரங்களைக் கிரிமினல் குற்றமாகப் பாவித்தது. 2000-ம் வருஷம் ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்த இன்றையச் சட்டம் அந்தக் கடுமையைக் கைவிட்டு, அதே பிழைகளைச் சிவில் விவகாரமாக்கிற்று. பிழை நிரூபணமானால் சம்பந்தப்பட்ட தொகையைப்போல் மூன்று பங்கு வரையில் அபராதம் விதிக்கலாம். 90 நாளுக்குள் அபராதத்தைச் செலுத்தத் தவறினால்தான் சிவில் சிறை என்ற பேச்சே எழும்.

இங்கேதான் ஒரு பெரிய மயக்கம் உண்டாகிறது. கிரிமினல் அன்று என்றவுடன், "அப்படியானால் இது வெறும் காகிதப் பிழை, அனுமதிச் சீட்டு வாங்க மறந்த சமாசாரம்" என்று பலர் தட்டிக் கழித்து விடுகிறார்கள். சட்டம் சிறையை நீக்கியதே தவிர, கடமையை நீக்கவில்லை. ஒரு தேசத்தின் அன்னியச் செலாவணி என்பது அந்த தேசத்தின் மூச்சு. 1991-ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் தங்கத்தை விமானத்தில் ஏற்றி லண்டனில் அடகு வைத்துக் கடன் வாங்கிய நிலைமையை நாம் மறந்துவிடலாகாது. பணம் எவ்வழியாக வெளியே போகிறது, எவ்வழியாக உள்ளே வருகிறது என்பதை ரிஸர்வ் பாங்கு அறிந்திருக்க வேண்டும் என்ற விதி அந்த அனுபவங்களின் பிள்ளை. அதைக் காகிதம் என்று சொல்பவர், வேலியை வெறும் முள் என்று சொல்பவருக்கு ஒப்பாவார்.

அம்பத்தூரில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் சிறு முதலாளியைக் கேட்டுப் பாருங்கள். மோட்டார் உதிரி பாகங்களைப் பெட்டியில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பியவர், குறித்த கெடுவுக்குள் பணம் வந்து சேராவிட்டால் பாங்கிலிருந்து வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதியே களைத்துப் போகிறார். ஆவடியில் பென்ஷன் வாங்கும் ஒரு தொழிலாளி, வெளிநாட்டில் படிக்கும் மகளுக்குச் சம்பளம் கட்டப் போனால், பாங்குக் குமாஸ்தா ஒரு பாரத்தை நீட்டுகிறார். எதற்காக அனுப்புகிறீர், யாருக்கு அனுப்புகிறீர், எங்கிருந்து வந்த பணம், இவ்வருஷத்தில் இதுவரை எவ்வளவு அனுப்பினீர் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஒருவர் ஒரு வருஷத்தில் 2 லட்சத்து 50 ஆயிரம் அமெரிக்க டாலருக்கு மேல் சாதாரணமாக அனுப்ப முடியாது. அந்தப் பென்ஷன்காரர் முணுமுணுத்துக் கொண்டாவது பாரத்தைப் பூர்த்தி செய்கிறார். சட்டம் செய்யும் சபையில் உட்காருபவர் அந்தப் பாரத்தைப் பூர்த்தி செய்தாரா என்று அவர் கேட்டால், அது அசூயையா? அல்ல, அது பிரஜையின் நியாயமான கேள்வி.

கேள்விக்கு வேறொரு காரணமும் உண்டு. 2019-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில், இலங்கையில் அம்பாந்தோட்டைக்கு அருகே 385 கோடி அமெரிக்க டாலர் செலவில் ஓர் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை எழப் போகிறது என்று இலங்கை சர்க்கார் அறிவித்தது. முதல் போடுபவர்களில் முக்கியமான ஸ்தாபனம் மேற்படி சில்வர் பார்க் கம்பெனி. அதன் டைரக்டர்களில் ஸ்ரீ ஜகத்ரட்சகனின் குடும்பத்தார் இருந்த செய்தி அப்போதுதான் வெளியாயிற்று. கூட்டாளி என்று பெயர் சொல்லப்பட்ட ஓமான் தேசத்து எண்ணெய் மந்திரி சபையார், தங்களுக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று முதலில் கூறியது உலகப் பத்திரிகைகளில் வந்தது. இருந்தும் அம்மாதம் 24-ந் தேதி இலங்கைப் பிரதம மந்திரி ஸ்ரீ ரணில் விக்கிரமசிங்கே முன்னிலையில் அடிக்கல் நாட்டு விழா நடந்தது. அந்த ஆலை எழவில்லை. விழா நடந்து ஒரு மாதம் ஆவதற்குள் இங்கே தேர்தல் வந்தது. அரக்கோணத்தார் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வோட்டு வித்தியாசத்தில் அவரை வெற்றி பெறச் செய்தார்கள். 42 கோடி ரூபாய்ப் பங்குள்ள ஒரு கம்பெனி 385 கோடி டாலர் ஆலையை எப்படிக் கட்டும் என்று மேடையில் ஒருவராவது கேட்டுப் பதில் வாங்கியிருந்தால், ஜன ஆட்சிக்கு அது அழகாக இருந்திருக்கும்.

இனி, மறு பக்கத்தையும் பார்ப்போம். அமலாக்கத் துறை எதிர்க்கட்சியார் வீட்டுக் கதவை மட்டும் தட்டுகிறது. ஆளுங் கட்சிக்குள் புகுந்து கொண்டவர்களிடம் அதன் கண் மங்கிப் போகிறது என்ற குற்றச்சாட்டு இந்த தேசத்தில் பல வருஷங்களாக ஒலிக்கிறது. அதை வெறும் புலம்பல் என்று தள்ளிவிட நாம் தயாராக இல்லை. டாஸ்மாக் விவகாரத்தில் 2025-ம் வருஷம் மே மாதம் 22-ந் தேதியன்று சுப்ரீம் கோர்ட்டே அமலாக்கத் துறை எல்லை மீறுகிறது என்று கண்டித்து, விசாரணையை நிறுத்தி வைத்தது. அதிகாரம் கையிலிருக்கிறது என்பதற்காக ஒரு கட்சியாரை மட்டும் தேடித் தேடி வாட்டுவது நியாயபரிபாலனம் ஆகாது. தராசுத் தட்டில் விரலை வைத்து அழுத்துபவன் சரியான எடையைச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆனால் நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழி வாங்கும் நோக்கம் இருந்தது என்பதாலேயே பிழை நடக்கவில்லை என்று ஆகிவிடாது. பிழை நடந்தது என்பதாலேயே பழி வாங்கும் நோக்கம் இல்லை என்றும் ஆகிவிடாது. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம். இரண்டும் பொய்யாகவும் இருக்கலாம். விரோதி கேட்டாலும் கணக்குக் கணக்குத்தான். பக்கத்து வீட்டுக்காரன் பொறாமையினால் கூச்சலிட்டான் என்பதற்காக, நம் வீட்டுக் கூரையில் பிடித்த நெருப்பை அணைக்காமல் இருப்போமா? பங்கு வாங்கினாரா? வாங்கினார் என்றால் அனுமதி பெற்றாரா? பெறவில்லை என்றால் ஏன்? இந்த மூன்று சிறு கேள்விகளுக்கு ஆவணத்தைக் காட்டிப் பதில் சொல்வது, நூறு மேடைகளில் பழி வாங்கல் என்று முழங்குவதை விடப் பலமான பதில்.

அமலாக்கத் துறைக்கும் நாம் சொல்ல வேண்டியது உண்டு. 42 கோடியும் 9 கோடியும் சேர்ந்தால் 51 கோடி. அதில் மூன்று பங்கு 153 கோடி. அப்படியிருக்க அபராதம் 908 கோடியாக உயர்ந்தது எவ்வாறு? பல பேர், பல கைமாற்றங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித் தனி அபராதம் என்று காரணம் இருக்கலாம். ஆனால் துறை பத்திரிகைகளுக்குக் கொடுத்த சில வரிகளிலிருந்து இந்தக் கணக்கு எந்தச் சாமானியனுக்கும் விளங்காது. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. அபராதம் போட்டாலும் அளந்துதான் போட வேண்டும், அளந்ததைக் காட்டவும் வேண்டும். ஒரு ஜனப் பிரதிநிதியின் மேல் இவ்வளவு பெரிய சுமையை வைப்பவர்கள், காரணங்களோடு கூடிய உத்தரவை முழுமையாக ஜனங்கள் முன் வைக்கக் கடமைப்பட்டவர்கள். கணக்கைக் கேட்பவன் முதலில் தன் கணக்கைக் காட்டட்டும்.

மேலும், உத்தரவு என்பது முடிவு அன்று. சட்டம் அவருக்கு அப்பீல் வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது: முதலில் அப்பீல் டிரிபியூனல், அதற்கு மேல் ஹைகோர்ட்டு, அதற்கும் மேல் சுப்ரீம் கோர்ட்டு. அவை எல்லாம் தீரும் வரையில், அமலாக்கத் துறையின் அபிப்பிராயத்தை வேத வாக்கியமாகக் கொள்ள நாம் ஒப்பவில்லை. இதை நாம் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை, நீதிக்காகச் சொல்லுகிறோம்.

ஆனால் அந்த வழிகள் எவ்வளவு நீளமானவை என்பதை நாம் அனுபவத்தில் கண்டிருக்கிறோம். ஸ்ரீ டி.டி.வி. தினகரன் மேல் பழைய அன்னியச் செலாவணிச் சட்டத்தின்படி 1998-ம் வருஷத்தில் 31 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அப்பீலில் அது 28 கோடியாகக் குறைந்தது. சென்னை ஹைகோர்ட்டு அதை உறுதி செய்தது 2017-ம் வருஷம் ஜனவரி மாதத்தில். இடையே சென்றவை 19 வருஷங்கள். அந்த இடைக்காலத்தில் அவர் 1999-ல் பெரியகுளத்திலிருந்து லோக் சபைக்கும், 2004-ல் ராஜ்ய சபைக்கும் சென்று வந்தார். ஹைகோர்ட்டு அபராதத்தை உறுதி செய்த அதே 2017-ம் வருஷத்தில், டிசம்பரில், சென்னை ராதாகிருஷ்ணன் நகர் வோட்டர்கள் அவரைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள். அபராதம் விதிக்கப்பட்டபோது பிறந்த குழந்தை, அது உறுதியானபோது வோட்டுப் போடும் வயதைக் கடந்துவிட்டது! இப்படிப்பட்ட தாமதம் குற்றமற்றவருக்கும் அநீதி, ஏமாற்றப்பட்ட தேசத்துக்கும் அநீதி. குற்றமற்றவர் 19 வருஷம் களங்கத்தைச் சுமக்கிறார். குற்றமுள்ளவர் 19 வருஷம் பதவியைச் சுவைக்கிறார்.

கட்சி பேதமின்றி நாம் இதைச் சொல்லுகிறோம் என்பதற்கு இன்னோர் உதாரணம். கிண்டியில் சர்க்காருக்குச் சொந்தமான டான்சி நிலத்தை, 1992-ம் வருஷத்தில், முதல் மந்திரியாக இருந்த செல்வி ஜெயலலிதா கூட்டாளியாயிருந்த ஸ்தாபனங்கள் வாங்கின. அது கிரிமினல் வழக்காகி, 2000-ம் வருஷத்தில் கீழ்க் கோர்ட்டு தண்டித்தது. 2001-ல் ஹைகோர்ட்டு விடுதலை செய்தது. 2003-ம் வருஷம் நவம்பர் 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த விடுதலையை ஒப்புக் கொண்டது. ஆயினும், மனச்சாட்சிக்குப் பதில் சொல்லி அந்த நிலத்தைத் திருப்பிக் கொடுத்துப் பரிகாரம் தேட வேண்டும் என்றும் நீதிபதிகள் கூறினார்கள். இதன் தாத்பரியம் என்ன? சட்டத்தின் கையில் அகப்படாமல் இருப்பது வேறு. பொது வாழ்வுக்குத் தகுந்தவராக இருப்பது வேறு.

கடல் கடந்து பார்த்தாலும் இதே பாடம்தான். அமெரிக்காவில் ஸ்ரீ டொனால்டு டிரம்ப் மேல் நியூயார்க் மாகாணத்தின் அட்டர்னி ஜெனரல் ஸ்ரீமதி லெட்டிஷியா ஜேம்ஸ் 2022-ம் வருஷம் செப்டம்பரில் ஒரு சிவில் மோசடி வழக்குத் தொடுத்தார். பாங்குகளிடம் சாதகமான கடன் பெறுவதற்காகச் சொத்து மதிப்பை உயர்த்திக் காட்டினார் என்பது வழக்கு. சுமார் 11 ஆயிரம் சதுர அடியுள்ள தம் சொந்த வீட்டை 30 ஆயிரம் சதுர அடி என்று கணக்கில் எழுதியிருந்தது அதில் ஒரு சாட்சியம். 2024-ம் வருஷம் பிப்ரவரி 16-ந் தேதி நீதிபதி ஆர்தர் எங்கோரன் ஏறக்குறைய 35 கோடியே 50 லட்சம் டாலரும் அதற்கு வட்டியும் செலுத்தத் தீர்ப்பளித்தார். ஸ்ரீ டிரம்ப் அதை ராஜீயப் பழி வாங்கல் என்றார். அவ்வருஷம் நவம்பரில் ஜனங்கள் அவரை மீண்டும் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2025-ம் வருஷம் ஆகஸ்டு 21-ந் தேதி அப்பீல் கோர்ட்டு, அபராதத் தொகை அளவுக்கு மிஞ்சியது என்று அதை ரத்து செய்தது. ஆனால் மோசடி நடந்தது என்ற முடிவை அது ரத்து செய்யவில்லை.

இந்த வரலாற்றில் மூன்று கேள்விகள் தனித் தனியாகப் பிரிந்து நிற்பதைக் காணலாம். பிழை நடந்ததா என்பது ஒன்று. நடந்திருந்தால் அதற்குத் தண்டம் எவ்வளவு என்பது இரண்டாவது. இம்மனிதரைப் பொதுக் காரியத்தில் நம்பலாமா என்பது மூன்றாவது. நம் நாட்டில் இம்மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். அபராதத் தொகை குறைந்தால் "நிரபராதி" என்று வெடி வெடிக்கிறோம். தேர்தலில் வெற்றி கிடைத்தால் "ஜனங்களின் கோர்ட்டில் விடுதலை" என்று சுவரொட்டி ஒட்டுகிறோம். அமலாக்கத் துறை ஓர் அறிக்கை விட்டால் "திருடர்" என்று தீர்ப்பளிக்கிறோம். மூன்று லட்சம் வோட்டு வித்தியாசம் ஒருவரைப் பிரதிநிதியாக்கும். ரிஸர்வ் பாங்கின் அனுமதிச் சீட்டாக அது ஆகிவிடாது. அதே போல, அமலாக்கத் துறையின் அறிக்கை ஒருவர் மேல் சந்தேகத்தை எழுப்பும், அது தீர்ப்பாகிவிடாது. முதல் இரண்டு கேள்விகளையும் நியாயஸ்தலங்களிடம் விட்டுவிடுவோம். மூன்றாவது கேள்வி நம்முடையது. அதை எந்த நீதிபதியும் நமக்காகத் தீர்த்து வைக்க முடியாது.

வியாபாரி பொது வாழ்வுக்கு வரக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஸ்ரீ வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906-ம் வருஷத்தில் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தபோது, அவரும் வியாபாரத்தில் இறங்கிய ராஜீயவாதிதான். பத்து லட்சம் ரூபாய் மூலதனம். 25 ரூபாய் வீதம் 40 ஆயிரம் பங்குகள். யாருக்கு என்ன பங்கு, எதற்காகக் கப்பல் என்பது ஊரறிந்த விஷயம். அந்த வியாபாரத்தால் அவர் செல்வம் சேர்க்கவில்லை; செக்கிழுத்தார். தேசத்துக்காக வியாபாரம் செய்வது ஒரு வகை. வியாபாரத்துக்காக தேச சேவை என்ற பெயரைப் பயன்படுத்துவது வேறு வகை. எவர் எந்த வகை என்பதை அறிவதற்கு ஒரே வழி, கணக்கு வெளியே இருப்பதுதான்.

இதே மேற்குப் புறத்து ஆவடியில், 1955-ம் வருஷம் ஜனவரி மாதத்தில், ஸ்ரீ யு.என். தேபர் தலைமையில் காங்கிரஸ் மகாசபை கூடியது. சோஷலிஸ்டு மாதிரியான சமுதாயத்தை அமைப்பதே தேசத்தின் லட்சியம் என்ற தீர்மானம் அங்கே நிறைவேறிற்று. அப்போது இம்மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்த ஸ்ரீ காமராஜ், 1975-ம் வருஷத்தில் வாடகை வீட்டில் கண் மூடினார். ஆவடித் தீர்மானத்தின் பொருளாதாரத்தை இன்று ஒப்புக் கொள்பவரும் உண்டு, ஒப்புக் கொள்ளாதவரும் உண்டு. அந்த விவாதத்துக்கு நாம் இங்கே வரவில்லை. எல்லோரும் காமராஜைப்போல் ஏழையாக இருக்க வேண்டும் என்றும் நாம் கேட்கவில்லை. ஒரு பொது மனிதரிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். அந்தத் தெளிவுதான் அவருடைய சொல்லுக்குப் பலம் கொடுத்தது.

இன்று என்ன செய்ய வேண்டும்? முதலாவது, காலவரம்பு. இந்தச் சட்டத்தின் கீழ் வரும் புகாரை ஒரு வருஷத்துக்குள்ளும், டிரிபியூனலுக்கு வரும் அப்பீலை 180 நாளுக்குள்ளும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டமே கூறுகிறது. 2020-ல் சொத்துக்கள் முடக்கப்பட்ட விவகாரத்தில் உத்தரவு 2024-ல் வந்தது. அதுவும் எப்போது? அரக்கோணம் ஏப்ரல் 19-ந் தேதி வோட்டுப் போட்டு, ஜூன் 4-ந் தேதி முடிவு தெரிந்து, மூன்று மாதம் நிறைவதற்குச் சற்று முன். வோட்டர் அறிய வேண்டியதை வோட்டுப் போட்ட பிறகு அறிவிப்பதில் யாருக்கு என்ன பிரயோஜனம்? ஜனப் பிரதிநிதிகள் சம்பந்தப்பட்ட இத்தகைய விவகாரங்களை, அவர்கள் ஆளுங் கட்சியாராயினும் எதிர்க்கட்சியாராயினும், முன்னே எடுத்து விசாரித்து முடிக்க வேண்டும். "முயல வேண்டும்" என்ற சொல் "முடிக்க வேண்டும்" என்று மாறட்டும்.

இரண்டாவது, தேர்தல் பிரமாணப் பத்திரம். 2002, 2003-ம் வருஷங்களில் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்புகளால், வேட்பாளர்கள் தங்கள் சொத்து, கடன், கிரிமினல் வழக்கு ஆகியவற்றை அறிவிக்க வேண்டியதாயிற்று. 2019-லிருந்து வெளிநாட்டுச் சொத்தையும் சொல்ல வேண்டும். கிரிமினல் வழக்கு இருந்தால் அதைப் பத்திரிகைகளில் மும்முறை விளம்பரப்படுத்தவும் வேண்டும். சிவில் விவகாரங்களுக்கு இந்த விளம்பரக் கடமை இல்லை. ஒருவன் தெருச் சண்டையில் அடித்தான் என்ற வழக்கு மூன்று முறை அச்சேறுகிறது. நூற்றுக் கணக்கான கோடி ரூபாய்ச் செலாவணி விவகாரம் பத்திரத்தின் உட்பக்கத்தில் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது. சர்க்கார் துறைகள் தொடுத்திருக்கும் பெரிய சிவில் நடவடிக்கைகளையும், அவற்றுக்கு வேட்பாளர் கூறும் பதிலையும் பக்கத்தில் பக்கமாக வெளியிடத் தேர்தல் கமிஷன் ஏற்பாடு செய்ய வேண்டும். குற்றச்சாட்டோடு பதிலும் வருமாதலால், இதில் யாருக்கும் அநீதி இல்லை.

மூன்றாவது, கட்சிகளின் கடமை. தங்கள் அங்கத்தினர் ஒருவர் மேல் இத்தகைய உத்தரவு வந்தால், அதை வக்கீல்களின் வேலை என்று கட்சித் தலைமை கை கழுவிவிடலாகாது. கணக்கில் தேர்ந்த, கட்சிக்கு வெளியே உள்ள ஒருவரைக் கொண்டு ஆராய்ந்து, முடிவை ஜனங்களுக்குச் சொல்ல வேண்டும். எதிர்க்கட்சியாரின் கணக்கை மட்டும் கேட்டுத் தன் கட்சியாரின் கணக்கை மூடி வைப்பது, ஊருக்கு உபதேசம் செய்யும் வேலை. மத்தியில் ஆளுவோருக்கும் இது பொருந்தும். மாகாணத்தில் ஆளுவோருக்கும் பொருந்தும். நாளை ஆள நினைப்போருக்கும் பொருந்தும்.

ஸ்ரீ ஜகத்ரட்சகனுக்கும் நாம் ஒரு வார்த்தை சொல்லிக் கொள்கிறோம். அவர் எத்தனையோ விழாக்களையும் மேடைகளையும் கண்டவர். அரக்கோணத்தில் இன்னும் ஒரு மேடை போடட்டும். அதில் மாலை வேண்டாம், வாழ்த்து வேண்டாம். பங்கு வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது, எந்த அனுமதி கேட்கப்பட்டது, எந்தப் பங்கு யாரிடம் போயிற்று என்பதைத் தஸ்தாவேஜுகளோடு விளக்கட்டும். அவர் பக்கம் நியாயம் இருந்தால், அந்த ஒரு கூட்டம் அமலாக்கத் துறையின் ஆயிரம் அறிக்கைகளை வாயடைக்கச் செய்யும். நாமும் அதை மகிழ்ச்சியோடு வெளியிடுவோம். நியாயம் இல்லாவிட்டால், ஒப்புக் கொண்டு அபராதத்தைச் செலுத்தி விலகுவதிலும் ஒரு கண்ணியம் உண்டு.

முடிவாக, வோட்டர்களுக்கு. விடியற்கால ரயிலில் அரக்கோணத்திலிருந்து அம்பத்தூருக்கு நின்றுகொண்டே வரும் தொழிலாளி, டிக்கட்டு இல்லாமல் ஏறினால் பரிசோதகர் அவனிடம் அந்த இடத்திலேயே அபராதம் வாங்கிவிடுகிறார். "அப்பீல் செய்கிறேன், 19 வருஷம் பொறுங்கள்" என்று அவன் சொல்ல முடியாது. சட்டம் அவனுக்கு அவ்வளவு அருகில் இருக்கிறது. அவன் அனுப்பிய பிரதிநிதிக்கும் சட்டம் அதே தூரத்தில் இருக்க வேண்டும் என்று கேட்பதற்கு அவனைக் காட்டிலும் உரிமை உள்ளவர் யாருமில்லை. அடுத்த முறை வோட்டுக் கேட்டு வாசலுக்கு வருபவர், எந்தக் கட்சியின் கொடியோடு வந்தாலும், அவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து உபசரிக்கலாம். உபசரித்த பின், "கணக்கு எங்கே?" என்று கேட்கத் தவற வேண்டாம்.